ஒலிநீக்கம்

யானைக்கல்லில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே
மூன்றாம் மாடியில் எனக்கு இரவு வேலை.
பழைய ஒலிநாடாக்களைச் சுத்தம் செய்ய வேண்டும்.
இருமலை நீக்கு. நாய்க் குரைப்பை நீக்கு.
மூன்று விநாடிக்கு மேல் மௌனம் நீண்டால் வெட்டு.
நீக்கிய இரைச்சலுக்கு நிமிடக் கணக்கில் கூலி.

கல்யாண கேசட், ஜெபக்கூட்டம், பட்டிமன்றம் என்று
கழுவிக்கொண்டிருந்தவளுக்கு
இந்த ஆடியில் வந்தன
கனடாவின் கிழக்கோரத்திலிருந்து அறுபத்திரண்டு கோப்புகள்.
மலிசீட் மொழி என்றது பட்டியல்.
கூடவே கோரலீ சாப்பியர் என்றொருத்தியின் கடிதம்:
'அது பக்கத்து ஊர்க்காரர்கள் எங்களுக்கு வைத்த பெயர்.
சரியாகப் பேச வராதவர்கள் என்று பொருள்.
எங்களை நாங்கள் ஆற்றை வைத்துத்தான் சொல்லிக்கொள்வோம்.
ஆறு, வொலஸ்தொக். ஒளிரும் நல்ல ஆறு.'

சிரித்துக்கொண்டேன்.
மகால் ஐந்தாம் தெருவில் எங்களைப்
பட்டுநூல்காரர் என்பார்கள்.
அப்பா விற்பது இன்வெர்ட்டர் பேட்டரி.
எங்கள் சௌராஷ்டிரத்தில் தண்ணீருக்குப் பனி என்று பெயர்.
இரண்டாம் வகுப்பில், சித்திரை வெயிலில்,
'பனி வேணும் டீச்சர்' என்று கேட்டுவிட்டேன்.
ஐந்தாம் வகுப்புவரை என் பெயர்
ஐஸ்பெட்டி.

கோப்பு பதினேழு. ஆற்றங்கரை.
ஒரு மனிதர் சொல் சொல்லாகத் தருகிறார்.
மைக் பிடித்த ஆய்வாளர் திருப்பிச் சொல்கிறார், தப்பாக.
மனிதர் சிரிக்கிறார். மறுபடி சொல்கிறார்.
மறுபடி தப்பு. மறுபடி சிரிப்பு.
அவர் சொற்களில் ஓர் உயிரெழுத்து,
அகரமுமில்லை, உகரமுமில்லை,
வாய் திறப்பதற்குள் முடிந்துபோகிறது.
அதை எழுத என்னிடம் இருந்தது
குற்றியலுகரம் ஒன்றுதான்.
பொருந்தியது ஏறக்குறைய,
அண்ணன் செருப்பு தம்பிக்குப் பொருந்துகிற மாதிரி.
வுலிவுன் என்றால் நன்றி.
பின்னிரவு மூன்று மணிக்கு
காலி நாற்காலிகளிடம் சொல்லிப் பார்த்தேன்.

சொற்பட்டியலையும் படித்தேன், கூலியில்லாமல்.
அவனுக்கும் அவளுக்கும் அங்கே ஒரே சொல்.
பெயர்ச்சொற்களை உயிருள்ளவை, உயிரற்றவை
என்று பிரித்திருக்கிறார்கள்.
மரம் உயிருள்ள பக்கம். விண்மீனும்.
நான் பள்ளியில்
மரம், அஃறிணை என்று எழுதி
அரை மதிப்பெண் வாங்கியவள்.

கோப்பைத் துடைத்து அனுப்பினேன்.
பதினொரு நிமிடம் ஆறு, நாலு நிமிடம் மௌனம்,
இருபது சிரிப்பு, எல்லாம் போயிற்று.
சொற்கள் எவர்சில்வர் தட்டுமாதிரி மின்னின.

மறுநாளே திரும்பி வந்துவிட்டது.
'எங்கே சிரித்தார் என்று பார்த்துத்தான்
எங்கள் வகுப்பில் உச்சரிப்பைத் திருத்துகிறோம்.
மௌனத்தில் அவர் யோசிக்கிறார், அதுவும் வேண்டும்.
ஆற்றைத் தயவுசெய்து திருப்பித் தாருங்கள்.
என் மகன் அதைக் கேட்டு
எந்த வளைவில் பதிந்தது என்று சொல்லிவிடுவான்.'

ஞானதுரை சார் தலையில் அடித்துக்கொண்டார்.
'காசு குடுத்து இரைச்சலக் கேக்குற கஸ்டமர
இப்பத்தான்யா பாக்குறேன்.'

அன்றிரவு கரண்ட் போனது.
ஹெட்போனைக் கழற்றினால்
ஜன்னலுக்குக் கீழே வைகை.
ஏ.வி. பாலத்தில் ஒரு லாரி,
யாருடைய ஜெனரேட்டரோ,
மணலில் எருமைகள் மூச்சு விடுவது,
கொசு.
இதைக் கேட்டு எந்த இடமென்று யார் சொல்வார்கள்?
கொசுவை வைத்துச் சொல்லலாம், ஒருவேளை.
மூன்று விநாடிக்கு மேல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கோப்பு பதினேழை வந்தபடியே அனுப்பினேன்,
நாய், இருமல் எல்லாவற்றோடும்.
பில்லில் 'நீக்கிய நிமிடம்' கட்டத்தில் பூஜ்யம்.
காரணம் எழுத இடம் விட்டிருந்தது.
'ஆறு பேசிக்கொண்டிருந்தார்' என்று அடித்தேன்.
கணினி உடனே
அடியில் சிவப்புக் கோடு இழுத்தது.
திணைவழு.

அவர்கள் இலக்கணத்தில் ஆறு எந்தப் பக்கம் என்று
பட்டியலில் இல்லை.
கோரலீயிடம் கேட்டிருக்கிறேன்.
பதில் வரும்வரை
கோடு இருக்கட்டும்.